உங்கள் குழந்தையின் தடுப்பூசிப் பதிவு: எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு பேணப்படுகிறது

ஒரு குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி எந்த நாளில் போடப்பட்டது என்ற விவரம் தமிழ்நாட்டில் பொதுவாக மூன்று இடங்களில் எழுதப்படுகிறது. ஒன்று, பெற்றோரின் கையில் உள்ள தாய் சேய் நல அட்டை. இரண்டு, உங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியர் அல்லது நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியர் பராமரிக்கும் பதிவேடு. மூன்று, வட்டாரமும் மாவட்டமும் மாநிலமும் கணினி வழியே பார்க்கக்கூடிய மின்பதிவேடு. இம்மூன்றும் ஒத்திருந்தால் பெற்றோர் இதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. ஒத்திராதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. அட்டையில் தேதி இருக்கும், கணினியில் இருக்காது. கணினியில் இருக்கும், அட்டை தொலைந்திருக்கும். சில நேரங்களில் இரண்டிலும் இருக்காது. ஆனால் ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது தாய்க்கு நன்றாக நினைவிருக்கும்.

அந்த மின்பதிவேடு எவ்வாறு உருவாகிறது, எங்கே பிழைபடுகிறது, பெற்றோராகிய நீங்கள் அதில் என்ன செய்ய இயலும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது. எந்த வயதில் எந்தத் தடுப்பூசி என்ற முழு அட்டவணை இங்கே தரப்படவில்லை. அது உங்கள் அட்டையிலேயே அச்சிடப்பட்டுள்ளது.

எண்ணிக்கையிலிருந்து பெயருக்கு

இந்தியாவில் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978 இலும், அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985 இலும் தொடங்கப்பட்டன. அக்காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மேலே சென்றது எண்ணிக்கை மட்டுமே: இம்மாதம் இத்தனை குழந்தைகளுக்கு முதல் தவணை, இத்தனை குழந்தைகளுக்கு மூன்றாம் தவணை என்ற அளவில். முதல் தவணை பெற்ற 100 குழந்தைகளில் 80 பேரே மூன்றாம் தவணைக்கு வந்தனர் என்றால், 20 பேர் விடுபட்டனர் என்பது மாவட்ட அலுவலகத்துக்குத் தெரியும். அந்த 20 பேர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது தெரியாது. அதை அறிந்தவர் அந்தப் பகுதியின் செவிலியர் ஒருவரே.

அவரிடம் இருந்த கருவி எளிமையானது. மாதத்துக்கு ஒன்றாக உறைகள் தைக்கப்பட்ட ஒரு துணிப் பை, துணை சுகாதார நிலையத்தின் சுவரில் தொங்கும். குழந்தையின் அட்டையிலிருந்து கிழித்தெடுத்த அடிக்கட்டை, அடுத்த தவணை எந்த மாதமோ அந்த மாதத்தின் உறையில் போடப்படும். குழந்தை வந்து ஊசி பெற்றதும், அதற்கடுத்த தவணைக்குரிய மாதத்தின் உறைக்கு அடிக்கட்டை மாறும். மாத இறுதியில் உறையில் எஞ்சியிருக்கும் அடிக்கட்டைகளே வராத குழந்தைகளின் பட்டியல். இன்றைய கணினிப் பதிவேடு செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். கருத்தளவில் அந்தத் துணிப் பையை மிஞ்சிய செயலி எதுவும் இல்லை என்றே சொல்லலாம். அதன் குறை வேறு. பை ஒரே சுவரில் தொங்குகிறது. குழந்தை அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டால் அடிக்கட்டை உடன் போவதில்லை.

ஒரு வட்டாரத்துக்கோ மாநிலத்துக்கோ பொதுவான பதிவேடு தேவைப்பட்டது இதனால்தான். தேசிய அளவில் தாய் சேய் கண்காணிப்பு முறை 2009 இல் அறிமுகமாயிற்று. தமிழ்நாட்டில் மக்கள் 'பிக்மி' என்று அறிந்த தளத்தில், கர்ப்பம் பதிவாகும்போதே தாய்க்கு ஓர் எண் கிடைக்கிறது. கொரோனா தடுப்பூசிக்காக உருவான கோவின் தளத்தின் வழியில், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமான யூவின் தளம் 2023 ஜனவரியில் சில மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கப்பட்டு, 2024 அக்டோபரில் நாடு முழுவதற்கும் முறையாக அறிமுகம் செய்யப்பட்டது.

பிக்மி எண்ணைப் பெற்றோர் பலர் அறிந்திருப்பது பிறப்புச் சான்றிதழுக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அது கேட்கப்படுவதால்தான். தடுப்பூசிப் பதிவேட்டுக்கு அதன் பயன் இன்னும் பெரியது. முதல் ஊசி போடும் நாளில் தொடங்கும் பதிவேடு, ஊசிக்கு வந்த குழந்தைகளை மட்டுமே அறியும். ஒருநாளும் வராத குழந்தை அதன் கண்ணில் படவே படாது. கர்ப்பத்திலிருந்து தொடங்கும் பதிவேடோ, ஒரு குழந்தை வரவிருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்கிறது. எதிர்பார்த்த நாளுக்குப் பின்னும் பதிவு வெறுமையாக இருந்தால், யாரோ ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று பொருள்.

ஒரு குழந்தைக்கு ஒரு பதிவு

கேட்பதற்கு எளிய விதி இது. நம் குடும்ப வழக்கங்களில் இதைக் காப்பாற்றுவதுதான் கடினம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். புகுந்த வீடு திண்டுக்கல் மாவட்டத்தில். கர்ப்பம் அங்கே பதிவாகிறது. வளைகாப்பு முடிந்து தாய்வீடான சிவகங்கை மாவட்டத்துக்குப் பெண் அழைத்துவரப்படுகிறார். பிரசவம் மதுரையில் ஒரு மருத்துவமனையில் நடக்கிறது, பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை தடுப்பூசி ஆகிய பிறப்புத் தவணைகள் அங்கேயே தரப்படுகின்றன. ஆறாம் வாரமும் பத்தாம் வாரமும் தாய்வீட்டு ஊரில். பதினான்காம் வாரத்துக்குள் குழந்தை தந்தையின் ஊருக்குப் போய்விடுகிறது; அந்தத் தவணை அங்கே ஒரு தனியார் மருத்துவரிடம். நான்கு மாதம் நிறைவதற்குள் மூன்று மாவட்டங்கள், நான்கு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 'புதிய குழந்தை' என்று பதிவு செய்யப்பட்டால், ஒரே குழந்தை நான்கு குழந்தைகளாகிவிடும். நால்வருமே பாதியில் விடுபட்டவர்களாகத் தெரிவார்கள். நான்கு செவிலியர்கள் ஒரே குழந்தையைத் தேடுவார்கள். உண்மையில் விடுபட்ட வேறொரு குழந்தையைத் தேட வேண்டிய நேரம் அதில் கழியும்.

பெயரும் உதவிக்கு வருவதில்லை. பிறந்த அன்று குழந்தைக்குப் பெயர் இல்லை. மருத்துவமனையில் 'பேபி ஆஃப்' என்று போட்டுத் தாயின் பெயரை எழுதுகிறார்கள். பெயர் சூட்டியபின் யாரும் போய்த் திருத்தாவிட்டால், அந்தக் குழந்தை பதிவேட்டில் பெயரற்றதாகவே வளரும். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. அதைச் சிலர் பெயருக்கு முன்னும் சிலர் பின்னும் இடுகிறார்கள். தாயின் தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் தகப்பனாருடையதாகவும் மற்றொன்றில் கணவருடையதாகவும் இருக்கும். முத்துலட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு முறை எண்ணிப் பார்த்தால், கணினி ஏன் தடுமாறுகிறது என்பது விளங்கும்.

ஆகவே பதிவேடு பெயரை மட்டும் நம்புவதில்லை. தாயின் எண், பிறந்த தேதி, பாலினம், கைப்பேசி எண், முகவரி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, இரண்டு பதிவுகள் ஒரே குழந்தையுடையவைதாமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இதில் இரு வகைப் பிழைகள் நேரும். ஒரு குழந்தைக்கு இரண்டு பதிவுகள் இருப்பது முதல் வகை. இரண்டு குழந்தைகளை ஒன்றாக இணைத்துவிடுவது இரண்டாம் வகை. முதலாவது அலைச்சல், இரண்டாவதே ஆபத்து. இரட்டைக் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள்: அதே தாய், அதே தேதி, அதே கைப்பேசி எண், சில வேளைகளில் ஒரே பாலினமும்கூட. அவசரப்பட்டு இணைத்தால் ஒரு குழந்தைக்குப் போட்ட ஊசி மற்றொன்றின் கணக்கிலும் சேர்ந்து, அந்தக் குழந்தை தவணை பெறாமலேயே 'முடிந்தது' என்று குறிக்கப்படும். இரட்டைக் குழந்தைகளின் பெற்றோர் ஒவ்வொரு முறையும் இரு அட்டைகளையும் கொண்டுசென்று, இரண்டு பதிவுகளும் தனித்தனியே நிரப்பப்பட்டனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நீங்கள் எங்கே தடுப்பூசிக்குச் சென்றாலும் அட்டையுடன் தாயின் பிக்மி எண்ணையும் முதலில் பதிவு செய்த கைப்பேசி எண்ணையும் சொல்லுங்கள். 'ஏற்கெனவே பதிவு இருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள்' என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. புதிய பதிவு தொடங்குவது தேடுவதைவிட விரைவானது. கூட்டம் மிகுந்த தடுப்பூசி நாளில் அதுவே நடந்துவிடும்.

'போடவில்லை' என்பதும் 'பதிவாகவில்லை' என்பதும்

பதிவேட்டில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அதற்கு இரு பொருள்கள் உண்டு. குழந்தை அந்தத் தவணையைப் பெறவில்லை; அல்லது பெற்றது, எழுதப்படவில்லை. கணினிக்கு இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. 'உங்கள் குழந்தைக்குத் தவணை நிலுவையில் உள்ளது' என்று குறுஞ்செய்தி வந்தால் பதற வேண்டாம், புறக்கணிக்கவும் வேண்டாம். அட்டையை எடுத்துப் பாருங்கள். தேதி இருந்தால் அட்டையைச் செவிலியரிடம் காட்டிப் பதிவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அட்டையிலும் இல்லை எனில் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள்.

தவணை தவறிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்ற அச்சத்தில் சிலர் போகாமலே இருந்துவிடுகிறார்கள். தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏற்கெனவே பெற்ற தவணைகள் வீணாகிவிடுவதில்லை. பென்டாவேலன்ட் தவணைகளுக்கு இடையே குறைந்தது நான்கு வாரங்கள் இருக்க வேண்டும் என்பதே விதி; இடைவெளி கூடிவிட்டதால் முந்தைய தவணை செல்லாது என்று ஆகாது. ஆனால் இடைவெளி நீளும் காலமெல்லாம் குழந்தை முழுப் பாதுகாப்பின்றி இருக்கிறது என்பது வேறு செய்தி.

சில தவணைகளுக்குக் காலக் கெடு உண்டு. மஞ்சள் காமாலைத் தடுப்பூசியின் பிறப்புத் தவணையைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தர வேண்டும், பிறப்பின்போது தரும் போலியோ சொட்டு மருந்துக்கு 15 நாட்கள், பி.சி.ஜி.க்கு ஓர் ஆண்டு. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தின் முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும். எனவே 'எந்தத் தேதியில் என்ன கொடுத்தார்கள்' என்ற விவரம் வெறும் ஆவணச் செய்தி அன்று. அடுத்து எதைத் தரலாம், எதற்குக் காலம் கடந்துவிட்டது என்று மருத்துவர் முடிவு செய்வது அதைக் கொண்டுதான். அட்டையும் இல்லை, பதிவும் கிடைக்கவில்லை என்ற நிலையில், போடப்படாததாகவே கருதி உரிய தவணைகளைத் தருவது பொது நடைமுறை. கூடுதலாக ஒரு தவணை சேர்ந்துவிடுவதால் பொதுவாகத் தீங்கில்லை. தட்டம்மைக்கு எதிரான காப்பு இல்லாமல் இருப்பதால் தீங்கு உண்டு. ஆயினும் பதிவு இருந்திருந்தால் குழந்தைக்கு ஓர் ஊசியின் வலியாவது மிஞ்சியிருக்கும்.

பி.சி.ஜி. தழும்பைப் பார்த்துச் சிலர் முடிவுக்கு வருகிறார்கள். தழும்பு இருந்தால் ஊசி போடப்பட்டதற்கு அது ஒரு சான்று. தழும்பு இல்லை என்பதால் போடவில்லை என்று ஆகாது. முறையாகப் போடப்பட்ட குழந்தைகளில் சிலருக்குத் தழும்பு உண்டாவதில்லை, அவர்களுக்கு மறுபடியும் போடத் தேவையும் இல்லை. இங்கே தழும்பைவிட அட்டையின் தேதியே நம்பத்தக்கது.

இன்னொரு குழப்பம் மிகப் பரவலானது. 'எல்லாச் சொட்டு மருந்தும் போட்டாயிற்று' என்று பெற்றோர் உறுதியாகச் சொல்வார்கள். விசாரித்தால் அவர்கள் குறிப்பிடுவது பேருந்து நிலையத்திலோ பள்ளியிலோ போலியோ முகாம் நாளில், சுண்டுவிரலில் மை வைத்துக் கொடுத்த சொட்டு மருந்தாக இருக்கும். 1995 இல் தொடங்கிய அந்த முகாம்கள் போலியோவை நாட்டிலிருந்து அகற்றப் பெரிதும் உதவின. ஆனால் முகாம் தவணை கூடுதல் தவணை. அட்டவணைப்படி உரிய தவணைக்கு அது ஈடாகாது. விரலில் வைத்த மை சில நாட்களில் அழிந்துவிடும். அது பதிவு அன்று. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட தட்டம்மை–ரூபெல்லா முகாமுக்கும் இதே விதிதான்.

நூற்றுக்கு நூறுக்கு மேல்

ஒரு வட்டாரத்தின் தடுப்பூசி விழுக்காடு நூறைத் தாண்டியிருப்பதைக் கண்டால் வியப்பாக இருக்கும். கணக்கு இப்படித்தான் போகிறது: ஓர் ஊரில் இவ்வாண்டு 50 குழந்தைகள் பிறப்பார்கள் என்று மதிப்பிடப்பட்டுள்ளது என்று வைத்துக்கொள்வோம். 54 குழந்தைகளுக்கு முதல் தவணை போடப்பட்டிருக்கிறது. 108 விழுக்காடு. ஆனால் அந்த 54 பேரில் 10 பேர் பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்தவர்களின் குழந்தைகள். ஊர்க் குழந்தைகளில் ஆறு பேர் விடுபட்டிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் தங்கியிருக்கும் குடும்பங்களின் மூன்று கைக்குழந்தைகள் எந்தக் கணக்கிலும் இல்லை. விழுக்காடு மட்டும் பெருமையாக நிற்கிறது.

தட்டம்மை இந்தக் கணக்கைப் பார்த்து ஏமாறாது. நோய்களில் மிக எளிதில் தொற்றுவது அது. சமூகத்தில் அதன் பரவலைத் தடுக்க ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் இரு தவணைகளும் பெற்றிருக்க வேண்டும். விடுபட்டவர்கள் ஊரெங்கும் சிதறி இருந்தால் ஒரு நிலை. ஒரே சூளையில், ஒரே குடிசைப் பகுதியில், ஒரே மலைக் குடியிருப்பில் சேர்ந்திருந்தால் வேறு நிலை. பதிவேடு பெயரளவில் இருந்தால்தான் இந்தக் கொத்து கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே மின்பதிவேடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வீடு வீடாகச் சென்று தலைக் கணக்கு எடுப்பது நின்றுவிடக் கூடாது. செவிலியரும் ஆஷா, அங்கன்வாடிப் பணியாளர்களும் வந்து 'இந்த வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்?' என்று கேட்பது இதற்காகத்தான். மருமகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறார், மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறார், மாடியில் புதிதாகக் குடிவந்தவர்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்பனவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். பென்டாவேலன்ட் முதல் தவணைகூடப் பெறாத குழந்தையை 'ஒரு தவணையும் பெறாத குழந்தை' என்று சுகாதாரத் துறை தனியே கணக்கிடுகிறது. அப்படிப்பட்ட குழந்தையைக் கண்டுபிடிப்பது கணினியைவிடப் பெரும்பாலும் பக்கத்து வீட்டாரே.

தனியார் மருத்துவமனையில் போடும்போது

தனியார் மருத்துவர்கள் சில வேளைகளில் அரசு அட்டவணையில் இல்லாத தடுப்பூசிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஐந்து நோய்களுக்கான ஊசிக்குப் பதிலாக ஆறு நோய்களுக்கானது. தட்டம்மை–ரூபெல்லாவுக்குப் பதிலாகப் புட்டாளம்மையையும் சேர்த்த எம்.எம்.ஆர். இவை தவறல்ல. ஆனால் அங்கே தனி அட்டை தரப்படுவதால், அரசுப் பதிவேட்டில் உங்கள் குழந்தை பல மாதங்களாக வராத குழந்தையாகவே தெரியும். பின்னாளில் அரசு மையத்துக்குப் போகும்போது, வணிகப் பெயரை மட்டும் எழுதிய ஒரு அட்டையைப் பார்த்து அதில் எந்தெந்த நோய்களுக்கான மருந்து அடங்கியது என்று செவிலியர் ஊகிக்க நேரும்.

இரண்டு செய்திகளைக் கேட்டுப் பெறுங்கள்: தடுப்பூசியின் பெயருடன் அது எந்தெந்த நோய்களுக்கானது என்பது, மருந்துக் குப்பியின் தொகுதி எண். பிந்தையது பெற்றோருக்குப் பயனற்றதாகத் தோன்றலாம். ஒரு தொகுதி மருந்தில் ஐயம் எழுந்தால், அதைப் பெற்ற குழந்தைகள் யார் என்று கண்டறிய அந்த எண் ஒன்றே வழி. பின்னர் அந்த அட்டையை உங்கள் பகுதிச் செவிலியரிடம் காட்டுங்கள். 'நீங்கள்தான் போடவில்லையே, எனக்கு எதற்கு' என்று அவர் சொல்லக் கூடாது. பதிவேடு குழந்தைக்குரியது, ஊசி போட்ட இடத்துக்குரியதன்று.

பதிவேட்டைப் பேணுதல்

உருவாக்குவதைவிடப் பேணுவதே பெரிய வேலை. பதிவேடு நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழையதாகிக்கொண்டே இருக்கிறது. கைப்பேசி எண் மாறுகிறது. நினைவூட்டல் யாரோ ஒருவருக்குப் போகிறது. பதிவின்போது தாத்தாவின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அவர் குறுஞ்செய்திகளைத் திறந்தே பார்ப்பதில்லை. அலைவரிசை கிடைக்காத மலைக் கிராமத்தில் தாளில் எழுதி, நகரத்துக்கு இறங்கியபின் கணினியில் ஏற்றுகிறார்கள். அப்போது ஊசி போட்ட தேதிக்குப் பதிலாக ஏற்றிய தேதி பதிவாகிவிடக் கூடும். பத்து நாள் வேறுபாடுதானே என்று தோன்றும். அடுத்த தவணைக்குக் குறைந்தது நான்கு வாரம் வேண்டும் என்ற கணக்கு அதனால் பிசகி, குழந்தை வந்த நாளில் 'இன்னும் காலம் ஆகவில்லை' என்று திருப்பி அனுப்பப்படலாம்.

அட்டவணையும் மாறுகிறது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2016 முதல் படிப்படியாகவும், நிமோகாக்கல் தடுப்பூசி 2017 இல் தொடங்கி 2021 இல் நாடு முழுவதற்குமாகவும் அட்டவணையில் சேர்ந்தன. 2023 முதல் ஒன்பதாம் மாதத்தில் போலியோ ஊசியின் மூன்றாம் தவணை தரப்படுகிறது. அதற்கு முன் அச்சான அட்டைகளில் இந்தத் தவணைக்குக் கட்டமே இல்லை. செவிலியர்கள் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் மூத்த குழந்தையின் அட்டையில் இல்லாத ஒன்று இளைய குழந்தைக்குப் போடப்பட்டால் அதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு குழந்தையையும் அதன் பிறப்புக் காலத்துக்குரிய அட்டவணையால் அளக்கப் பதிவேட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு குழந்தை இறந்துவிட்டால் அந்தப் பதிவு உடனே மூடப்பட வேண்டும். மூடப்படாவிட்டால், ஆறாம் வாரத்தில் அந்தத் தாயின் கைப்பேசிக்குத் தடுப்பூசி நினைவூட்டல் போகும். பதிவேட்டைப் பராமரிப்பவர்களின் பொறுப்பு இது. துயரத்தில் இருக்கும் குடும்பம் அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. செவிலியர் அல்லது ஆஷாவிடம் உறவினர் ஒருவர் சொன்னாலே போதும், அவர் தெரிவிக்க வேண்டும்.

ஊர் மாறிச் செல்லும்போது பழைய ஊரின் செவிலியரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். புதிய ஊரில் அட்டையைக் காட்டிப் பதிவைத் தேடச் சொல்லுங்கள். பெயர் சூட்டியபின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிழையைத் திருத்தக் கேட்பதற்கு ஆதாரமாக அட்டை வேண்டும் என்பதால், ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது சிறந்த பழக்கம். மழைக்காலத்தில் அட்டைகள் நனைந்து எழுத்து கரைந்துபோவது நாம் அறிந்ததே. யூவின் தளத்தில் பதிவாகியுள்ள குழந்தைக்கு மின் சான்றிதழைத் தரவிறக்கிக்கொள்ளவும் இயலும்.

உங்கள் விவரங்களும் உங்கள் உரிமையும்

பதிவேட்டில் தாயின் பெயரும் முகவரியும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றன. அவற்றைத் தடுப்பூசிப் பணிக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது. தடுப்பூசிப் பதிவுக்காக வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையோ பணப் பரிமாற்றத்துக்கான ஒருமுறைக் கடவு எண்ணையோ எவரும் கேட்க வேண்டிய தேவையில்லை. 'குழந்தைக்கு அரசுப் பணம் வந்துள்ளது, எண்ணைச் சொல்லுங்கள்' என்று அழைப்பு வந்தால் அது மோசடி. துண்டித்துவிட்டு உங்கள் செவிலியரிடம் கேளுங்கள்.

ஆவணம் குறைவாக இருக்கிறது, அட்டை தொலைந்துவிட்டது, வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள், கணினி இயங்கவில்லை என்பன போன்றவை தடுப்பூசியை மறுப்பதற்குக் காரணங்கள் ஆகா. முதலில் ஊசி, பிறகு பதிவு என்பதே முறை. பதிவு பிறகும் செய்யப்படலாம். திரும்பிப்போன குழந்தை திரும்ப வரும் என்பதற்கு உறுதி இல்லை. மறுக்கப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள். 104 சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம்.

ஒன்றரை வயதுக்குப் பின்

முதல் ஆண்டில் பெற்றோர் மிகக் கவனமாக இருக்கிறார்கள். அதன் பிறகு இடைவெளிகள் நீள்கின்றன. அட்டை பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. 16 முதல் 24 மாதங்களுக்குள் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு, போலியோ பூஸ்டர் தவணைகளும் உரியவை. 5 முதல் 6 வயதுக்குள் முத்தடுப்பு இரண்டாம் பூஸ்டர். 10 வயதிலும் 16 வயதிலும் டெட்டனஸ்–தொண்டை அடைப்பான் தடுப்பூசி. தொண்டை அடைப்பானுக்கு எதிரான காப்பு காலப்போக்கில் குறைவதால்தான் இவை திரும்பத் திரும்பத் தரப்படுகின்றன.

பதிவேடு உண்மையில் சோதிக்கப்படுவது இந்தக் காலத்தில்தான். பிறந்தபோது கொடுத்த கைப்பேசி எண் இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா, 'பேபி ஆஃப்' என்று இருந்த பதிவும் பள்ளிச் சேர்க்கையில் உள்ள பெயரும் ஒன்றுதான் என்று எவராலாவது சொல்ல முடியுமா? பள்ளியில் முதல் வகுப்புச் சேர்க்கைக்காகப் பிறப்புச் சான்றிதழை எடுக்கும் அன்று தடுப்பூசி அட்டையையும் எடுத்து, அடுத்து வரும் தடுப்பூசி நாளில் உங்கள் பகுதிச் செவிலியரிடம் காட்டி, கணினியில் உள்ள பதிவோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பத்து நிமிட வேலை. குறை இருந்தால் அன்றே ஊசி போடலாம். எழுத்துப் பிழை இருந்தால் அன்றே திருத்தலாம்.